பேனர் மர்ஃபியும் இல்ல மர்ஃபியும்

தோல் ஏற்றுமதியில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு முதலில் ஓர் ஆறுதல். ஷூ எப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. எனக்கே தெரியாது. வேலைக்காலம் முழுவதையும் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ ஃபேக்டரி ஒன்றில் கழித்துவிட்டு, கால் ஆணிக்குப் பயந்து ரப்பர் செருப்போடு ஓய்வு பெற்றவன் நான். மெர்ச்சண்டைசர் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் நம் ஃபேக்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து, அவருடைய கோபத்தைப் பாதியாக்கி இங்கேயும், நம்முடைய தாமதத்தைப் பாதியாக்கி அங்கேயும் சொல்வதற்குச் சம்பளம். உங்களுக்கும் அதே வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்கான ஆர்டர் காகிதத்தில் வேறு ஏதாவது நீளமாகப் போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள்.

என் பெயர் குமார். எங்கள் ஃபேக்டரியில் அது ஒரு பெயரே இல்லை. கேட்டில் நின்று "குமார்" என்று குரல் கொடுத்தால் ஒரு வரிசையே திரும்பிப் பார்க்கும். அதற்கு வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எல்லா ஃபேக்டரிகளிலும் உள்ள ஏற்பாடுதான் எங்களிடமும் இருந்தது. ஒரே பெயர் பலருக்கு இருந்தால் முன்னால் ஒரு சொல் ஒட்டும். ஊர் ஒட்டினால் அதிர்ஷ்டம். அணைக்கட்டு குமார் அப்படித் தப்பித்தவர். மற்றவர்களுக்கு அவரவர் செய்த தப்பு ஒட்டிக்கொள்ளும். பசை டின்னைக் கவிழ்த்தவர் பசை குமார். ஒரு லாட் சரக்கு முழுவதற்கும் இடது காலை மட்டுமே வெட்டி அடுக்கியவர் லெஃப்ட் குமார். தணிக்கைக்கு வந்தவர்களுக்காக வாங்கி வைத்ததை அவர்கள் வருவதற்குள் முடித்துவிட்டவர் பிரியாணி குமார். அவர் பிறகு சைவமாகிவிட்டார், ஆனாலும் பிரியாணி குமார்தான்.

நான் சாரி குமார். பையருக்கு நான் அனுப்புகிற ஒவ்வொரு மெயிலும் "சாரி" என்றுதான் தொடங்கும் என்பதை யாரோ கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அப்போது எனக்கு மேலே இருந்த மேனேஜர் ஒருமுறை என் மெயிலைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லா எழுதறப்பா. படிச்சா அழுகை வருது. ஆனா பையர் உன் வருத்தத்த கேக்கல குமாரு, காரணத்த கேக்கறான்." நான் அதற்கும் சாரி சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் பூட்ஸ் வாங்கிக்கொண்டிருந்த அயர்லாந்துக் கம்பெனி ஒன்று. ஒரு மழைக்காலத்தில் நாங்கள் அனுப்பிய லாட்டில், கால் மடங்குகிற இடத்தில் தோலின் மேல்பூச்சு வெடித்துவிட்டது. காலை மடக்காமல் நடப்பவர்கள் அந்த நாட்டில் குறைவு போலிருக்கிறது, புகார் குவிந்தது. நான் மெயில் மேல் மெயில் போட்டேன். மேனேஜர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் காரணம் எழுதச் சொல்ல ஆள் இல்லை.

கடைசியில் அவர்களிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் பேட்ரிக் மர்ஃபி நேரில் வருகிறார். உங்களிடம் தொடர்வதா, வேறு நாட்டுக்குப் போவதா என்பதை அவர் பார்த்து முடிவு செய்வார்.

அந்த பூட்ஸைத் தைத்தது பேரணாம்பட்டு சாலையில் இருந்த எங்கள் இரண்டாவது யூனிட். அந்த ஆர்டர் போனால் யூனிட்டுக்கு வேறு வேலை இல்லை. மூடிவிட்டு எல்லோரையும் வாலாஜாபேட்டைப் பக்கத்துப் பெரிய யூனிட்டுக்கு மாற்றுவதாக முதலாளி, அதாவது பெரிய பாய், சொல்லியிருந்தார். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டாவது யூனிட்டில் தைப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். தையல் லைன் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அதை என் மேஜைக்கு முன்னால் நின்று விளக்கினாள்.

"வாலாஜாவுக்கு போய்ட்டு வர்றதுன்னா பஸ்லயே குடும்பம் நடத்தணும் சார். என் லைன்ல இருக்கற ஒரு பொண்ணையும் வூட்ல அனுப்ப மாட்டாங்க. மூட்றீங்கன்னா மூட்றோம்னு நேரா சொல்லுங்க. மாத்தறோம்னு சொல்லாதீங்க."

"சாரி ஸ்டெல்லா..."

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று போய்விட்டாள்.

ஆக, மர்ஃபி மனம் குளிர வேண்டும். நம் பக்கத்தில் ஒரு மனிதரைக் குளிர வைக்கத் தெரிந்த வழி ஒன்றுதான்: கேட்டில் பேனர், மேடையில் பொன்னாடை, வரவேற்புரையில் பட்டங்கள். பேனருக்கும் உரைக்கும் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வேண்டும். மெயிலில் அவர் பெயரைத் தவிர எதுவும் இல்லை. முதலாளியின் மகன் சின்ன பாய் போனை எடுத்துத் தேடினார்.

"குமார் சார், இவரு லேசுப்பட்ட ஆளு இல்ல. பாக்ஸர்."

"அப்படியா?"

"இருங்க, இருங்க. பிஷப்பாவும் இருந்திருக்காரு."

"பாக்ஸரும் பிஷப்புமா?"

"படகுப் போட்டில மெடல். குதிரை வளர்ப்பு. ஒரு டவுனுக்கு மேயர். கவிதைப் புக்கு வேற. இன்னா சார் மனுசன்! நாமெல்லாம் இன்னாத்துக்கு இருக்கோம்?"

நியாயமாகப் பார்த்தால் நான் இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டில் இரண்டு அலமாரி புத்தகம் வைத்திருப்பவன், நாலு விஷயம் தெரிந்தவன் என்று பேர். ஆனால் நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதையும் பாருங்கள். பைபாஸ் பாலத்துக்குக் கீழே அந்த வாரம்தான் ஒருவருக்குப் பிறந்தநாள் பேனர் கட்டியிருந்தார்கள். கல்வி வள்ளல், கவிச்சுடர், கபடிக் கழகப் புரவலர், ரத்ததானச் செம்மல், முன்னாள் துணைத்தலைவர். எல்லாம் ஒரே ஆள். கறுப்புக் கண்ணாடி போட்டு, போனில் பேசுகிற மாதிரி. அவர் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார், எனக்குத் தெரிந்தவர்தான். தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிறவனுக்கு, ஓர் அயர்லாந்துக்காரர் பாக்ஸராகவும் பிஷப்பாகவும் இருப்பதில் எப்படிச் சந்தேகம் வரும்? படகுப் போட்டி நம் சுதந்திரத்துக்கு முன்னால் நடந்ததாகப் போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று நானே திருத்தி, வருஷத்தை எடுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பேட்ரிக் மர்ஃபி என்பது அந்த ஊர் குமார். திரும்பிய பக்கமெல்லாம் இருப்பார்கள். குமார்களால் நிரம்பிய ஒரு ஃபேக்டரியில், குமார் என்றே பெயருள்ள ஒருவனுக்கு, அது தோன்றவில்லை. வெளிநாட்டுப் பெயர் என்றால் ஆளுக்கு ஒன்று தனியாகச் செய்து கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

படங்களில் எது தெளிவாக இருந்ததோ அதைப் பேனருக்குக் கொடுத்தோம். அது பாக்ஸருடையது. அகலமான கழுத்து, ஒரு பக்கமாக வளைந்த மூக்கு, சட்டை இல்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி, தன்னிடம் தயாராக இருந்த கோட்டு சூட்டு உடம்பில் தலையைப் பொருத்திக் கொடுத்தார். கேட்டில் ஏற்றிக் கட்டியபோது பார்க்க அமைச்சர் மாதிரி இருந்தார்.

அன்று காலை சென்னையிலிருந்து கார் வந்து நின்றது. பையரின் சென்னை ஆபீஸ் மேடம் முதலில் இறங்கினார். பின்னாலேயே தோளில் பையோடு ஒருவர். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. மூக்கு ரூல்தடி மாதிரி நேராக இருந்தது.

பூச்செண்டோடு நின்ற ஸ்டெல்லா என் காதோரம் கேட்டாள்: "இவரு யாரு சார், மேடத்தோட அக்கவுண்டண்டா?"

"இவர்தான் மர்ஃபி."

"அப்போ மேல தொங்கறவரு?"

"அவரும் மர்ஃபிதான். இளைச்சிருப்பாரு."

"மூக்கு கூடவா சார் இளைக்கும்?"

மர்ஃபி கேட்டுக்குள் நுழையும்போது பேனரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் தன் பெயர் எழுதியிருப்பதையும் பார்த்தார். தன்னை வரவேற்கும் உள்ளூர் அரசியல்வாதி யாரோ என்று நினைத்திருக்கலாம்.

கேன்டீன் ஷெட்டில் கூட்டம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், மேடையில் பெரிய பாய், சின்ன பாய், மேடம், நடுவில் பொன்னாடையோடு மர்ஃபி. நான் மைக்கைப் பிடித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியம் என்று ஏற்பாடு. எனக்கே பெருமையாக இருந்த உரை அது.

"மேடையில் எதிரிகளைச் சாய்த்த கைகள் இவை!" என்றேன். கூட்டம் முழுவதும் மர்ஃபியின் கைகளைப் பார்த்தது. அவர் அவற்றை மேஜைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

"அதே கைகள்தாம் பின்னாளில் ஆயராக, பிஷப்பாக நின்று மக்களுக்கு ஆசி வழங்கின!"

முன்வரிசையில் இருந்த எலிசபெத் அக்கா சட்டென்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். மர்ஃபி தனக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மேடம் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு நான் படகையும் குதிரையையும் தாண்டி, "சொந்த ஊர் மக்கள் இவருக்கு வெண்கலச் சிலையே வைத்திருக்கிறார்கள்" என்ற இடத்துக்கு வந்தேன். உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைப்பது நமக்கொன்றும் புதிதில்லையே.

மர்ஃபி பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"மன்னிக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில். "நீங்கள் சொல்கிறவர் நான் இல்லை."

சின்ன பாய் பதறிப்போய்க் கேட்டார்: "பாக்ஸர்?"

"இல்லை."

"பிஷப்?"

"இல்லை. எனக்கு மூன்று பிள்ளைகள்."

"மேயர்?"

"இல்லை."

"கவிஞர்?"

"இல்லை," என்றார். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "எங்கள் ஆபீஸிலேயே இன்னொரு பேட்ரிக் மர்ஃபி இருக்கிறார். சம்பளம் அவருக்குத்தான் அதிகம்" என்றார்.

எலிசபெத் அக்கா முந்தானையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மனிதரை இத்தனை பேர் முன்னால் அவர் யாரெல்லாம் இல்லை என்று வரிசையாகச் சொல்ல வைத்திருக்கிறோம். யூனிட்டின் கதி அந்த நாற்காலியில் பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. மேடைக்குக் கீழே ஸ்டெல்லா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இப்போ சாரி வரும் பாரு."

நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. உண்மையாகவே இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது பழைய மேனேஜர் நினைவுக்கு வந்தார். வருத்தம் இல்லை, காரணம். சரி, இந்தத் தப்புக்கு என்ன காரணம்? கேட்டுக்கொண்ட அந்த நிமிஷம்தான் பதில் எனக்கு எதிரிலேயே பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"குமாருங்க எல்லாம் எழுந்து நில்லுங்கப்பா," என்றேன் மைக்கில்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஷெட்டின் நாலு மூலையிலிருந்தும் எழுந்தார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டியும் கையைத் தூக்கினார்.

"மிஸ்டர் மர்ஃபி, இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர். எனக்கும் அதே பெயர். உங்கள் நாட்டில் உங்கள் பெயரும் இப்படித்தான் என்பது இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது. அதனால் நாங்கள் ஒரே மேடையில் பல மர்ஃபிகளை வரவேற்றுவிட்டோம்," என்றேன். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் பட்டப்பேரோடு அறிமுகப்படுத்தினேன்.

கதையில் இந்த இடத்தில் பையர் வாய்விட்டுச் சிரித்து, ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டும். மர்ஃபி சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, "ஏன் லெஃப்ட்?" என்று கேட்டார்.

லெஃப்ட் குமாரே நடந்ததைச் சொன்னார். பசை குமார் சொன்னார். பிரியாணி குமார், நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன, குழந்தைகளுக்குக் கல்யாண வயது, இனியாவது பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று மர்ஃபியிடமே மனுப்போட்டார். நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மர்ஃபி கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:

"இங்கே ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நல்லது. என் பூட்ஸ் வெடித்ததே, அது எந்தக் குமார்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள். நாம் ஒரு குழியிலிருந்து அழகாக ஏறிவந்து மூச்சு விடும்போதுதான் பையர் உண்மையான கேள்வியைக் கேட்பார்.

நின்றுகொண்டிருந்தவர்களில் ஸ்ப்ரே குமார் ஒருவர். தோலுக்கு மேல்பூச்சு அடிக்கிற பிரிவில் வேலை, பெயரும் அதனால் வந்ததுதான், தப்பால் இல்லை. கூட்டத்தின் பார்வை மெல்ல அவர் பக்கம் போனது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன பாய் என் பக்கம் குனிந்து, "ஸ்ப்ரே குமார கை காட்டிட்டு விடுங்க சார். ஒரு ஆளோட போய்டும். யூனிட்டு நிக்கும்" என்றார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் மைக் என் கையில் இருந்தது.

ஷெட் முழுவதும் கேட்டது. முக்கியமாகப் பெரிய பாய்க்குக் கேட்டது.

பெரிய பாய் மேடையில் பேசுகிறவர் இல்லை. மாலை வாங்கிக்கொள்வார், கும்பிடுவார், உட்கார்வார். அன்றைக்கு எழுந்தே விட்டார்.

"டேய், இன்னாத்துக்குடா அவன கை காட்ற? தோலு காயல பாய், காயல பாய்னு என் ரூமுக்கு வந்து நின்னான்டா அவன். ஈரத்து மேல அடிச்சா வெடிக்கும்னு அவன் சொல்லலயா? கப்பல் போய்டும், அடிச்சி அனுப்புன்னு சொன்னது நான். தெரிஞ்சேதான் சொன்னேன். போதுமா?"

மகனைப் பார்த்துச் சொன்னார். மர்ஃபியைப் பார்த்து அல்ல. சொல்லிவிட்டு உட்கார்ந்து மேலே தகரக் கூரையைப் பார்த்தார்.

மர்ஃபி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் உங்கள் கழுத்தில் கத்தி வைக்கிற நேரம் என்று ஒன்று வரும். அது பெரும்பாலும் இவ்வளவு சின்னக் கேள்வியாகத்தான் வரும். எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு தயாராகவே இருந்தது: பருவமழை ஏற்படுத்திய சவால்கள் குறித்து எங்கள் சேர்மன் தமது ஆழ்ந்த கவலையைப் பகிர்ந்துகொள்கிறார். அழகான வாக்கியம். அதுமாதிரி வாக்கியங்களுக்காகத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். நான் பெரிய பாயைப் பார்த்தேன். சொல் என்றோ வேண்டாம் என்றோ ஒரு ஜாடை கிடைக்குமா என்று. அவர் கூரையில் எத்தனை ஆணி என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய லைன் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அவர்களுடைய வேலையைத்தான் சொல்கிறேன் என்பது மட்டும் தெரியும்.

ஒரே ஒரு கணக்குப் போட்டேன். ஸ்ப்ரே குமாரைக் கொடுத்தால், அடுத்த மழைக்கு "காயல பாய்" என்று சொல்ல அந்த ஃபேக்டரியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்புறம் வெடிப்பது பூட்ஸ் மட்டுமாக இருக்காது. கவலையைப் பகிர்ந்துகொண்டால், பையர் ஏற்கெனவே படித்துச் சலித்த என் மெயில்களில் இன்னொன்று கூடும். மேடத்துக்குத் தமிழ் தெரியும் என்பதும் நினைவில் இருந்தது. என் நேர்மையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை.

பெரிய பாய் சொன்னதை அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை, ஆங்கிலத்தில் சொன்னேன். "தெரிந்தேதான் சொன்னேன்" என்பதையும் விடவில்லை.

மர்ஃபி பாராட்டவில்லை, கைகொடுக்கவில்லை. பொன்னாடையை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தார். "இப்போது தோல் காய்கிற இடம் எது? அதைக் காட்டுங்கள்."

காயவைக்கிற ஷெட்டுக்கு ஸ்ப்ரே குமார்தான் முன்னால் நடந்தார். மர்ஃபி அவரோடு போனார். நாங்கள் பின்னால். ஷெட்டின் மேற்குப் பக்கம் திறந்தே கிடந்தது. காற்றுக்காக அப்படி விட்டது. சாரலடித்தால் முதல் வரிசைத் தோல் முழுக்க நனையும். மர்ஃபி அந்தத் திறந்த பக்கத்தில் நின்று வெளியே பார்த்தார், தோலைத் தொட்டுப் பார்த்தார், ஸ்ப்ரே குமாரிடம் என் மூலமாக என்னென்னவோ கேட்டார். நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தையும் பாதியாகவில்லை. பழக்கமில்லாததால் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் மர்ஃபி சொன்னது இதுதான். பெரிய ஆர்டர் இப்போது இல்லை. மழைக்காலத்துக்கு ஒரு சின்ன லாட் தருவார். தேதி கேட்கமாட்டார், காய்ந்ததா என்று கேட்பார், அதுவும் ஸ்ப்ரே குமாரிடம். அந்த லாட் வெடிக்காமல் தாங்கினால் பழையபடி எல்லாம். வெடித்தால் அவருடைய முகத்தை நாங்கள் மறுபடி பார்க்கமாட்டோம்.

வெளியே ஸ்டெல்லா காத்திருந்தாள். "இன்னா சார் சொன்னாரு?"

"சின்ன ஆர்டர். மழை முடியற வரைக்கும் யூனிட்டு இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"பூட்ஸ் வெடிக்கலன்னா இருக்கும்."

அவள் ஷெட்டுக்குள் நின்ற ஸ்ப்ரே குமாரை ஒருமுறை பார்த்தாள். "அப்போ இருக்கும் சார். அவனை யாரும் அவசரப்படுத்தாம நீங்க பாத்துக்குங்க. மிச்சத்த நாங்க தெச்சிடுவோம்."

பிறகு, "இன்னிக்கு சாரியே வரலியே உங்களுக்கு? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள்.

"அப்போ பேர மாத்திடலாமா?"

"ஒரு நாளைக்கெல்லாம் மாத்த முடியாது சார். பிரியாணி அண்ணனே வரிசைல நிக்கறாரு."

அன்று சாப்பாட்டு வேளைக்குள் ஒரு புதுப் பெயர் விழுந்துவிட்டது. முதலாளி கப்பல் பாய் ஆனார். அவர் காதில் விழாமல்தான், ஆனால் விழுந்தது, விழாத மாதிரி இருந்துகொண்டார். காரில் ஏறும்போது மர்ஃபி என்னிடம் கேட்டார்: "உங்கள் வழக்கப்படி பார்த்தால் நான் எந்த மர்ஃபி?"

நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "இன்னா கேட்டாலும் இல்ல, இல்லன்னாரே சார். இல்ல மர்ஃபி." விளக்கிச் சொன்னேன். அவர் அதை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து பேனரைக் காட்டி, "அவர்?" என்றார்.

"பேனர் மர்ஃபி," என்றாள் ஸ்டெல்லா.

அந்த வருஷ மழை லேசுப்பட்டது இல்லை. கப்பல் பாய் ஒருமுறை காயவைக்கிற ஷெட் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கப்பல் நாங்கள் இல்லாமலே போயின. மூன்றாவது கப்பலில் லாட்டை ஏற்றினோம். பெட்டி போன பிறகு ஃபேக்டரியில் எல்லோரும் சாமி கும்பிட்டார்கள், அவரவர் சாமியை. நான் அந்த லாட்டுக்கு அனுப்பிய மெயிலில் ஒரே ஒரு வரி: தாமதம், ஏனென்றால் தோல் காயவில்லை.

மழை ஓயும் நேரத்தில் இல்ல மர்ஃபி மறுபடி வந்தார். இந்த முறை பொன்னாடை இல்லை, உரை இல்லை. பையிலிருந்து எங்கள் லாட்டிலிருந்து எடுத்த ஒரு பூட்ஸை வெளியே எடுத்தார். மேஜை மேல் வைத்து, மடங்குகிற இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து, முன்பகுதி பின்பகுதியைத் தொடுகிற வரைக்கும் வளைத்தார். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். பூச்சு வெடிக்கவில்லை. மறுபடியும் வளைத்தார். ஸ்ப்ரே குமாரிடம் பூட்ஸைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து அடுத்த வருஷத்து ஆர்டரை எடுத்துக் கப்பல் பாயிடம் கொடுத்தார். ஸ்டெல்லா கண்ணைத் திறந்து, "ஆச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள். டீ வேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அங்கே யாரையோ திட்டுவது கேட்டது.

மர்ஃபி காயவைக்கிற ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கம் இப்போது திறந்து கிடக்கவில்லை. கேட்டிலிருந்து இறக்கிய பேனரை ஸ்ப்ரே குமார் அங்கே இழுத்துக் கட்டியிருந்தார். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ், வீணாக்க மனம் வரவில்லையாம். கோட்டு சூட்டும் வளைந்த மூக்குமாக, சாரலை முழுவதும் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார் அந்த பாக்ஸர். அவருக்குப் பின்னால் தோல்கள் வரிசையாக, ஈரம் படாமல் தொங்கின.

இல்ல மர்ஃபி குடையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரில் போய் நின்றார்.

"எங்களில் ஒருவராவது ஒழுங்காக வேலை செய்கிறார்," என்றார்.